போட்டோ என்று கேட்டது

1

கோவில்பட்டியிலிருந்து முருகேசன் போன வாரம் வாட்ஸப்பில் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த மகன் இப்போது நடக்க ஆரம்பித்திருக்கிறானாம்.

"ஏலே, கேமரா வாங்கிட்டேம்லே. எடுக்கிற படமெல்லாம் கலங்கலா வருது. பய ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கான். நீதான் புள்ளைய நெதம் எடுத்துத் தள்ளுதியே, என்ன செட்டிங்னு சொல்லு. ஒம் மவ மொதமொதல்ல சொன்ன வார்த்தையே போட்டோதானாம்லா! நான் இங்கன எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எல்லாரிடமும் சொல்லும்படி அவனிடம் பெருமையடித்தது நான்தான். செட்டிங்கை மட்டும் எழுதி அனுப்பினால் நாலு வரியில் முடிந்துவிடும். உட்கார்ந்து பார்த்தேன், அப்படி முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டால் ஊரில் சிரிப்பீர்கள், தெரியும். தம்பானூரில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். விசா கிடையாது. கனடாக்காரன் பனியைப் பற்றி எழுதுகிறான், துபாய்க்காரன் மணலைப் பற்றி எழுதுகிறான். எனக்கு இங்கே அதே புழுக்கம், அதே தேங்காய். பாதி வார்த்தைகள்கூட அதே வார்த்தைகள்தான். தொல்லையே அங்கேதான் இருக்கிறது. முற்றிலும் தெரியாத மொழியென்றால் ஆள் ஜாக்கிரதையாக இருப்பான். தெரிந்த மாதிரி இருக்கிற மொழியில் காலை நம்பி வைத்துவிடுகிறோம்.

இங்கே கழக்கூட்டம் என்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் டீம் லீடர் என் மேசைக்கு வந்து, "இது நல்ல அவசரம் ஆணு, கேட்டா" என்றார். நான் பதறி, சாப்பிடப் போகாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துக் கொடுத்தேன். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது, நிதானமாகச் செய் என்றுதான் அவர் சொன்னாராம். அதை வைத்து இன்றுவரை கேலி செய்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். மென்பொருள் சோதிப்பது என் வேலை. அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

2

முருகேசா, முதல் விஷயம். உன் கேமரா பெட்டியிலிருந்து வரும்போது ஒற்றை ஃபோகஸில் இருக்கும். பொத்தானைப் பாதி அமுக்கினால் ஒரு தடவை ஃபோகஸ் செய்துவிட்டு அங்கேயே நின்றுகொள்ளும். கோயில் கோபுரத்துக்கும் கல்யாண மேடைக்கும் அது போதும். உன் மகன் கோபுரம் இல்லை. நீ பாதி அமுக்கி முழுக்க அமுக்குவதற்குள் அவன் ஓரடி தள்ளிப் போயிருப்பான், கேமரா அவன் முன்பு நின்ற காற்றைத் தெளிவாக எடுத்திருக்கும். அதனால் தொடர் ஃபோகஸுக்கு மாற்று. பொத்தானைப் பாதி அமுக்கி வைத்திருக்கும்வரை அது பின்னாலேயே ஓடும்.

அடுத்தது, கண்ணைத் தேடும் வசதி இருந்தால் போட்டுக்கொள். முகத்தில் எது பக்கத்துக் கண்ணோ அதில் சின்னக் கட்டம் வந்து உட்காரும். பிள்ளை தலையைத் திருப்பினாலும் கட்டம் கூடவே போகும். அப்புறம் ஷட்டர் வேகத்தைக் கூட்டு. வெளிச்சம் குறைந்த வீடு என்றால் ஜன்னல் பக்கம் நிறுத்திக்கொள். எனக்கு இதெல்லாம் படிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

என் கேமராவை ஆபீஸில் ஒரு பையன் வேறு மாடல் வாங்குவதற்காக விற்றான். நான் வாங்கிய காரணம் வேறு.

3

என் மகள் பெயர் இனியா. நான் வைத்த பெயர். பிறப்பைப் பதியப் போனபோது ஜன்னலுக்குள் இருந்தவர் பேர் என்ன என்று கேட்டார், "இனியா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இனியல்ல சாரே, இப்பம் பறயணும்" என்றார். இனிமேல்தான் சொல்வேன் என்று நான் சொல்வதாக நினைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி ஸ்ரீஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் நெய்யாற்றின்கரைக்காரி, மலையாளி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் வீடு திரும்பினோம், வழியெல்லாம் அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூன்று வயது தாண்டியும் இனியா பேசவில்லை. அம்மா என்றோ அப்பா என்றோ அச்சன் என்றோ ஒன்றும் இல்லை. வேண்டியதைக் கைகாட்டுவாள், கிடைக்காவிட்டால் தரையில் உட்கார்ந்துகொள்வாள். காதுப் பரிசோதனை செய்தோம், குறை இல்லை. பிளே ஸ்கூலில் சேர்த்தபோது மாத்ருபாஷை என்ற கட்டத்தில் ஸ்ரீஜா மலையாளம் என்று எழுதினாள். மாதா அவள், எழுதலாம். தகப்பன் பேசும் மொழிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் இருந்தவர் ஜெபா மேடம். எல்லையோரம் பாறசாலைப் பக்கம், தமிழ்க் குடும்பம். அவர் வாயில் தமிழைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவரோ இனியாவோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு இப்படிச் சொன்னார்:

"சார், ஒங்க வீட்டுல ரெண்டு பாஷை, ஸ்கூல்ல ஒரு பாஷை, டிவில இங்கிலீஷு. பிள்ளைக்கு எதப் பிடிக்கணும்னு திரியல. தற்காலம் ஒண்ணு மதி, ஒண்ணு போதும்."

"எது மேடம்?"

"அம்ம பேசுறது, டீச்சர் பேசுறது. மலையாளம் மதி சார்."

"அப்ப நான்?"

"நீங்களும் அதிலயே பேசணும். அறியிற அளவு மதி."

"மேடம், நீங்களே தமிழ்தானே?"

அவர் பொம்மைகளைக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டே, "ஆமா சார். எனக்கும் இதச் சொல்ல சங்கடம் உண்டு" என்றார்.

இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு அவரோடு வாதாடத் தைரியம் இல்லை. பிள்ளை பேசாமல் இருக்கும்போது டாக்டரோ பயிற்சியாளரோ எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவோம்.

என் மலையாளம் ஆபீஸ் கேன்டீனில் கற்றது. சாப்பாடு கேட்கலாம், பஸ் கேட்கலாம், தப்புக்கு மன்னிப்புக் கேட்கலாம். குழந்தையைக் கொஞ்ச அதில் எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. முதல் ரெண்டு நாள் "மோளே, வா, கழிக்காம்" என்று சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ பஸ் கண்டக்டர் என் வாயிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஸ்ரீஜாவுக்கு மத்தியான ஷிப்ட். அவள் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். சாயங்காலம் முழுக்க நானும் இனியாவும் மட்டும்தான். தமிழ் வாய்வரை வரும், விழுங்குவேன். போகப்போகப் பேசாமல் இருக்கவே பழகிவிட்டேன். அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

பேசாமல் அவளோடு இருக்க எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அதற்குத்தான் கேமரா வாங்கினேன்.

4

மழை விட்ட ஒரு சாயங்காலம். பால்கனிக் கதவருகே அவளை நிறுத்தி, கட்டம் கண்ணில் உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தது. அமுக்கினேன். அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். சின்னக் குரல், கடைசி எழுத்து பாதி விழுங்கினது.

போட்டோ.

கேமரா கையிலிருந்து நழுவி, கழுத்து வாரில் தொங்கியது. "என்னம்மா? என்ன சொன்ன?" என்று தமிழில்தான் கத்தினேன். மறுபடியும் சொன்னாள். நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு இறக்கிவிட்டு, கேட்டுவிட்டாளே என்று இன்னும் நாலைந்து படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் சொன்னாள்.

எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் ஃபோட்டோ என்பார்கள், உதட்டைப் பல்லில் வைத்து. நாம்தான் போட்டோ என்போம். அவள் சொன்னது 'போ'. என்னிடமிருந்து போன எழுத்து அது. மொழியை விடச் சொன்னார்கள், விட்டேன், ஆனால் பிள்ளை அதை எங்கிருந்தோ பொறுக்கி எடுத்துக்கொண்டது என்று நினைத்தேன். போனில் சொன்னபோது ஸ்ரீஜா லேபில் இருந்தே கூவினாள். "ஃபோட்டோன்னு பறயான் மலையாளிக்கு அறியாம் சேட்டா. இது ஒங்கட தமிழ்ப் போட்டோதன்னே!" என்றாள். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பிறகு தினமும் எடுத்தேன். ஆபீஸிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் கேமராவைத் தூக்குவேன். கதவோரம் நிறுத்துவேன். சொல்வாள், எடுப்பேன். மறுபடி சொல்வாள், மறுபடி எடுப்பேன். எடுத்ததைத் திரையில் காட்டினால் தள்ளிவிடுவாள். வெட்கம் என்று நினைத்தேன். சில நாள் சொல்லிச் சொல்லி அழுகையில் முடியும். போதவில்லை, இன்னும் எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீஜா கேட்க வேண்டுமென்று கேமராவை எடுப்பேன். அம்மா இருந்தால் அவள் சொல்லவே மாட்டாள், அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். படத்தில் குரல் விழாது. ஸ்ரீஜா பார்த்ததெல்லாம் படங்கள்தான்.

"எனக்கு மாத்திரம் கேக்கல" என்றாள் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே.

5

இன்னொரு செட்டிங் இருக்கிறது, முருகேசா. மெனுவில் ஆழத்தில் கிடக்கும். பிள்ளையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்போது குறுக்கே யாராவது வந்தால் கேமரா என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்கும். உடனே புது ஆளுக்குத் தாவவா, கொஞ்சம் பொறுத்துப் பழைய ஆளையே தேடவா? குழந்தைகளுக்குப் பொறுமைப் பக்கம் வை. பிளே ஸ்கூல் ஆண்டு விழாவில் இனியா மீன் வேஷம் போட்டு நின்றாள். டீச்சர் குறுக்கே போனார், கேமரா டீச்சரோடு போய்விட்டது. அன்று என்னிடம் இருப்பது டீச்சரின் காது, நல்ல தெளிவாக.

விழா முடிந்து எல்லாப் பிள்ளைகளும் டீச்சரைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மலையாளத்தில் ஏதோ. நான் லென்ஸுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன், காதில் வாங்கவில்லை. மற்ற நாட்களில் வேன்தான் அவளை வீட்டுக்குக் கொண்டுவரும்.

6

ஜெபா மேடத்திடம் இந்த வார்த்தையைச் சொன்னபோது மகிழ்ந்தார். ஆனால் இனியா அவர் முன்னால் வாயைத் திறக்கவில்லை. "வீட்டுல சொல்லும்போ ஒரு வீடியோ எடுத்துக் கொண்டுவாங்க சார். முகம் தெளிஞ்சு காணணும், முக்கியமா வாய்" என்றார்.

போனில் எடுத்தால் போதும் என்றுதான் சொன்னார். எனக்குப் பெருமை, கேமராவில் எடுத்தேன். எடுத்துப் பார்த்தால் வாய் மங்கல். கண்ணைத் தேடும் வசதி கண்ணைத்தான் தேடுகிறது. லென்ஸை அகலத் திறந்து வைத்து, அவ்வளவு பக்கத்தில், அவள் மோவாயைத் தாழ்த்தி நின்றால் இமை தெளிவாக விழும், உதடு கரைந்துவிடும். இத்தனை நாளும் எல்லாப் படத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கண் தெளிவா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன். தெளிவென்றால் நல்ல படம், இல்லையென்றால் அழிப்பேன். வாயை ஒருநாளும் பார்த்ததில்லை.

அதனால் கண்ணைத் தேடுவதை அணைத்தேன். சின்னக் கட்டத்தை அவள் உதட்டில் வைத்தேன். லென்ஸின் திறப்பைக் குறைத்தேன், வெளிச்சத்துக்காகக் கதவை முழுக்கத் திறந்தேன். அவள் சொன்னாள். ஒரு தடவையிலேயே தெளிவாக வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த செட்டிங் அது ஒன்றுதான்.

அதைக் காட்டப் போன அன்றைக்கு ஸ்ரீஜாவும் லீவு போட்டு வந்திருந்தாள். ஜெபா மேடம் அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். ஒருமுறை ஓடியது. அவர் சத்தத்தை மூடிவிட்டு, மெதுவாக்கி, மறுபடி ஓட்டினார்.

"சார், சுண்ட, உதட்டப் பாருங்க. ஓன்னு சொன்னா சுண்டு உருளணும். மொதல்ல உருளுது. கடைசியில பாருங்க, விரிஞ்சுபோகுது. இது ஓ இல்ல, ஏ."

எனக்குப் புரியவில்லை. "சரியா வரலையா மேடம்? சின்னப் பிள்ளைதானே, போகப்போக…"

"சரியாத்தான் சார் வருது." அவர் சத்தத்தைத் திறந்தார். என் மகள் திரையில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

போட்டே.

பக்கத்தில் ஸ்ரீஜா வாயைப் பொத்திக்கொண்டாள். "சேட்டா," என்றாள், "அவ போட்டேன்னு சோதிக்கயா. போகட்டான்னு கேக்கா."

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். போட்டே என்றால் மலையாளத்தில் 'நான் போகட்டுமா'. பிளே ஸ்கூல் விடும் நேரத்தில் பிள்ளைகள் டீச்சரைச் சுற்றி நின்று கேட்பது அதைத்தான். 'டீச்சர், போட்டே?' டீச்சர் 'போய்க்கோ' என்றால் போகலாம். அவள் அங்கே கேட்டுக் கற்றுக்கொண்டு, வீட்டில் என்னிடம் வந்து கேட்டிருக்கிறாள். கதவோரம் பிடித்து நிறுத்தி அசையாதே என்று கைகாட்டுகிறவனிடம், நான் போகட்டுமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். நான் அமுக்கினேன். மறுபடி கேட்டாள். மறுபடி அமுக்கினேன்.

ஜெபா மேடத்துக்கு முகமெல்லாம் சந்தோஷம். "இது ரொம்ப நல்ல காரியம் சார். வெறும் பேர் சொல்லல பிள்ள. ஆளப் பாத்து அனுவாதம், அனுமதி கேக்கா. ஒரு முழு கேள்வியாக்கும் இது" என்றார். நான் தலையாட்டினேன். நல்ல செய்திதான். என் பிள்ளை பேசுகிறது. எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்ரீஜா பின்னாலேயே வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "எனக்கும் அறியல்லயே, சேட்டா. நான் கேட்டிருந்தா அப்பமே மனசிலாயேனே" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். அவள் கேட்டிருந்தால் அந்த நொடியே புரிந்திருக்கும் என்பது எனக்கு இன்னும் வலித்தது.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தெரியாத பாஷையில் பிள்ளை அழுதால்கூட அப்பனுக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவள் அழுதாள், எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு கால் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது.

7

முருகேசா, உனக்குச் சொன்ன செட்டிங்கெல்லாம் சரிதான், போட்டுக்கொள். அந்த வார்த்தைக் கதையை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதே.

நேற்று சாயங்காலம் குடியிருப்பின் கீழே இறங்கினோம். பைபாஸில் வண்டிச் சத்தம் ஓயாத நேரம். கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கல் பெஞ்சில் உட்கார்ந்தேன், கேமராவை எடுத்து வரவில்லை. இனியா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"போட்டே?"

இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. இதை எப்படிப் போட்டோ என்று கேட்டேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

நம் ஊரில் புறப்படுகிறவர்களிடம் வெறுமனே 'போ' என்று சொல்ல வாய் வராது. எனக்கும் வரவில்லை. "போய்ட்டு வாம்மா" என்றேன், பழக்கத்தில், தமிழில்.

அவள் அதற்குள் இரண்டு எட்டு வைத்துவிட்டாள். அவளுக்குக் கேட்டது கடைசி வார்த்தை மட்டும். வா. அது அவளுக்குத் தெரியும், எந்தப் பாஷையிலும். நின்றாள். சைக்கிள்களை ஒருமுறை பார்த்தாள். திரும்பி வந்து, என் முன்னால், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, மோவாயைத் தூக்கி, அசையாமல் நின்றாள். நான் எடுத்து முடிக்கக் காத்திருந்தாள்.

என் கையில் ஒன்றுமில்லை என்று காட்டினேன். விரித்த கைகளையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் பெஞ்சிலிருந்து இறங்கி அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தேன். "போய்க்கோ, மோளே" என்றேன். "போய்க்கோ."

ஒரு நிமிடம் என் வாயையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். என் மகள் ஒன்று கேட்டு, நான் அதைப் புரிந்துகொண்டு, அவளுக்குப் புரிகிற மாதிரி பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஓடிவிட்டாள்.